பேப்பர் கார்டா, எலக்ட்ரானிக் டார்கெட்டா? 10 மீட்டர் ஏர் பிஸ்டல்: வாசகர் கேள்விகள்

கிளப்பில் பேப்பர் கார்டில் 600க்கு 560 வருகிறது. போட்டியில் எலக்ட்ரானிக்கில் 550ஐத் தாண்டவில்லை. மெஷின் குறைத்துப் போடுமா?

அநேகமாக இல்லை. இரண்டிலும் அளவு ஒன்றுதான். 10 வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., 9 வளையம் 27.5, கருப்பு வட்டம் முழுவதும் 59.5. பெல்லட்டின் (ஏர் பிஸ்டல் குண்டு) ஓரம் கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பு.

முதலில் கிளப் கார்டை எப்படி எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள். போட்டி விதிப்படி ஒரு கார்டுக்கு ஒரே ஷாட். பயிற்சியில் ஐந்து ஷாட் சுட்டால் நடுவில் பேப்பர் பிய்ந்து தொங்கும். அந்தக் கிழிசல் கோட்டைத் தொட்டதை பெல்லட் தொட்டதாக எழுதிவிடுவோம். ஒரே துளையில் இரண்டு பெல்லட் போனதாக நினைத்த இடத்தில், ஒன்று வேறெங்காவது போயிருக்கலாம். சந்தேகத் துளையில் 4.5 மி.மீ. பிளக் கேஜ் (துளையில் செருகி அளக்கும் கருவி) போட்டுப் பாருங்கள். நேராக, ஒரே ஒரு தடவை. திரும்பத் திரும்பச் செருகினால் துளை பெரிதாகிவிடும்.

அடுத்தது நேரம். 60 ஷாட்டுக்குப் பேப்பரில் 90 நிமிடம், எலக்ட்ரானிக்கில் 75. அதாவது ஒரு ஷாட்டுக்கு ஒன்றரை நிமிடம் இருந்தது ஒன்றேகால் ஆகிறது. பேப்பர் வேகத்திலேயே பழகியவர்கள் கடைசி 15 ஷாட்டில் ஓட ஆரம்பிப்பார்கள். உங்கள் கடைசி இரண்டு சீரீஸை (சீரீஸ் என்பது பத்து ஷாட்) தனியாகக் கூட்டிப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

எலக்ட்ரானிக்கில் 10.3, 10.7 என்று வருகிறதே, 0.1 என்பது எவ்வளவு தூரம்? பேப்பரில் அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

0.8 மி.மீ. வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. இடைவெளி, அதைப் பத்தாகப் பிரித்ததுதான் டெசிமல். பெல்லட்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி இருந்தால் சரியாக 10.0. 0.8 மி.மீ.க்குள் விழுந்தால் 10.9, அதற்கு மேல் கிடையாது.

வீட்டில் கணக்கிட: மையத்திலிருந்து துளையின் மையம் வரை மி.மீ.யில் அளந்து, 8ஆல் வகுத்து, 11இலிருந்து கழியுங்கள். 3.6 மி.மீ. என்றால் 0.45, 11இல் கழித்தால் 10.55; இரண்டாம் தசமத்தை வெட்டினால் 10.5. சிக்கல் துளையின் மையத்தைப் பிடிப்பதில்தான். பேப்பர் நார்கள் திரும்பி உள்ளே சுருங்குவதால் துளை 4.5ஐ விடச் சிறியதாகவே தெரியும். ஒரு டிரான்ஸ்பரன்ட் ஷீட்டில் 4.5 மி.மீ. வட்டமும் நடுவில் ஒரு புள்ளியும் வரைந்து துளை மேல் வைத்தால் ஓரளவு பிடித்துவிடலாம். பயிற்சிக்கு அது போதும்.

போட்டிக்குப் போதாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஃபைனலில் மனு பாக்கர் 221.7இல் வெண்கலத்தோடு வெளியேறியபோது தென் கொரியாவின் கிம் யே-ஜி 221.8இல் நின்றார். 22 ஷாட் சுட்ட பிறகு இருந்த வித்தியாசம் 0.1. அதைக் கார்டும் கேஜும் வைத்து யாராலும் தீர்ப்புச் சொல்லியிருக்க முடியாது.

தகுதிச் சுற்றில் டெசிமல் இல்லையே. அப்புறம் 10 வளையத்துக்குள் இருக்கும் சின்ன வளையம், இன்னர் டென், எதற்கு?

சமநிலையை உடைக்க. தகுதிச் சுற்றில் 9.9க்கு 9தான், 10.0க்கு 10. அதே பாரிஸில் இந்தியாவின் சரப்ஜோத் சிங்கும் ஜெர்மனியின் ராபின் வால்டரும் 577. இன்னர் டென் சரப்ஜோத்துக்கு 16, வால்டருக்கு 17. சரப்ஜோத் ஒன்பதாம் இடம், ஃபைனல் இல்லை. இன்னர் டென்னின் விட்டம் 5 மி.மீ., ஏறக்குறைய 10.4க்கு மேல் விழுந்தால் கிடைக்கும்.

சுட்டேன், மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது?

இன்னொன்று சுட்டுப் பார்க்காதீர்கள். பிஸ்டலைக் கீழே இறக்கி, உடனே ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லுங்கள். கூடுதலாக ஒரு ஷாட்டை அவரே சுடச் சொல்வார். வந்த மதிப்பில் சந்தேகம் என்றாலும் அடுத்த ஷாட்டுக்கு முன்பே சொல்லியாக வேண்டும். மூன்று ஷாட் தள்ளி நினைவு வந்து பயனில்லை. (பெல்லட் போட்டீர்களா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நடக்காத விஷயமில்லை.)

எங்கள் கிளப்பில் இரண்டு எலக்ட்ரானிக் லேன் (சுடும் தடம்) போட இருக்கிறோம். ஒலி முறையா, ஒளி முறையா?

ஒலி முறையில் பெல்லட் பேப்பரைத் துளைக்கும் சத்தம் மூலைகளில் உள்ள மைக்குகளுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடம் கணக்கிடப்படும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ஒலி வேகம் விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். அதனால் உள்ளே ஒரு சென்சார் இருக்கும். ஏசி காற்று நேராக டார்கெட் பெட்டி மேல் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் அடிக்கடி வரும் கோளாறு பேப்பர் ரோல் நகராமல் நிற்பது. அடுத்த பெல்லட் பழைய துளை வழியாகவே போய்விடும். துளைக்கும் சத்தம் இருக்காது. ஷாட் பதிவாகாது, அல்லது தப்பான இடத்தில் பதிவாகும். நல்ல சுடுநர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும் என்பது வேடிக்கை. ரோல் தீரும் வரை காத்திருக்காமல் முன்பே மாற்றுங்கள்.

ஒளி முறையில் லேசர் அல்லது அகச்சிவப்புக் கதிர் வலையை பெல்லட் குறுக்கே வெட்டும். ரோல் செலவு குறைவு. ஆனால் ஈயத்தூளும் பேப்பர் துணுக்கும் ஜன்னலில் படிந்தால் பிரச்சினை. மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள், வாயால் ஊதாதீர்கள்.

எதை வாங்கினாலும் யுபிஎஸ் அவசியம். மாட்டிய பிறகு டார்கெட்டின் முகத்தில் ஒரு சாதாரண கார்டை மையம் பார்த்து ஒட்டி பத்து ஷாட் சுடுங்கள். கார்டில் உள்ள குரூப்பிலிருந்து (துளைகளின் கூட்டம்) மானிட்டரில் உள்ள குரூப் ஒரு பக்கமாக விலகி இருந்தால், கருப்பு வட்டமும் சென்சார் மையமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். பிஸ்டலின் சைட்டை (குறி பார்க்கும் பாகம்) திருகாதீர்கள், டார்கெட்டைச் சரிசெய்யுங்கள்.

எலக்ட்ரானிக்குக்கு மாறிய பிறகு ஸ்கோர் ஏறி இறங்குகிறது. ஏன்?

கண் மானிட்டரில் இருப்பதால். 9.2 வந்தவுடன் அடுத்ததைத் திருத்தப் பார்க்கிறீர்கள். 9.2 மையத்திலிருந்து சுமார் 14 மி.மீ.; கை ஆட்டத்தில் சாதாரணமாக வருவது. ஒரு ஷாட்டுக்காக சைட்டின் கிளிக்கைத் திருகக் கூடாது. குறைந்தது ஐந்து ஷாட்டாவது ஒரே பக்கம் போக வேண்டும்.

ஷாட் போனதும் பார்க்காமல் "இடது, கீழே, 9" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு திரும்பிப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் மானிட்டரை மூடிவிட்டு, கார்டைத் திருப்பி மாட்டி வெள்ளைப் பக்கத்தில் 30 ஷாட் சுடுங்கள். குறி வைக்கக் கருப்பு இல்லாததால் முன் சைட்டும் ட்ரிகரும் மட்டுமே மிஞ்சும்.

குவிந்த தலை பெல்லட் எலக்ட்ரானிக்கில் ஓடுமா?

ஓடும். ஆனால் பேப்பர் கார்டில் போடாதீர்கள், கிழித்துக்கொண்டு போகும். தட்டைத் தலை வாட்கட்டர்தான் துளையைச் சுத்தமாக வெட்டும்.