காதுக்கு அடிக்குறிப்பு கிடையாது
வாசகர் கேள்வி–பதில்: பழைய வழக்குகளை ஒலித்தொடராக்குவது

கேள்வி: அந்தக் காலத்து மதராஸ் கொலை வழக்குகளை வைத்து ஒரு பாட்காஸ்ட் தொடர் செய்யப்போகிறோம். இணையத்தில் கிடைப்பதெல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாகவே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கடைசித் தீர்ப்பிலிருந்து. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கத்திக்குத்து, மறுநாள் மரணம். 1945-இல் ஜூரி விசாரணைக்குப் பின் திரை நட்சத்திரங்களான தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் தண்டனை. பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். மேல்முறையீடு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பியதும், 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்ததும் போகிறபோக்கில் ஒரு வரியாகிவிடுகிறது. விடுதலைத் தீர்ப்பை முதலில் படித்தவர் முதல் அத்தியாயத்தையே வேறு மாதிரி எழுதுவார். எந்தச் சாட்சி நிற்கவில்லை என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

பழைய தீர்ப்புகள் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’, ‘ஏ.ஐ.ஆர்.’ (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) ஆகிய தீர்ப்புத் தொகுதிகளில் இருக்கும். சட்டக் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள், அல்லது தெரிந்த வழக்கறிஞர் மூலம் தேடுங்கள். தீர்ப்பில் வரும் தேதிகளை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு பத்திரிகைகளுக்குப் போகலாம். கன்னிமாரா நூலகமும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இதற்கு நல்ல இடங்கள். நடந்த நாளின் பத்திரிகையில் அந்தச் செய்தி இருக்காது, மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் வரும். முதல் செய்தியில் பெயரும் வயதும் இடமும் தவறாக இருப்பது சகஜம் என்பதால், விசாரணை நடந்த நாட்களின் இதழ்களையும் பார்த்தே தீரவேண்டும். அரசு தரப்பு என்ன நினைத்தது என்பது எழும்பூர் ஆவணக் காப்பகத்து அரசாணைகளில் கிடைக்கும். அங்கே ‘இந்தக் கொலை பற்றிய கோப்பு’ என்று கேட்டால் வேலை நடக்காது. துறை, ஆண்டு, அரசாணை எண் மூன்றையும் அட்டவணையில் பார்த்துக் குறித்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: ஆதாரத்தை மட்டும் சொன்னால் வறட்சியாக இருக்கிறது. கொஞ்சம் கற்பனை கலந்தால்தான் கேட்கிறார்கள். எல்லை எது?

பதில்: அச்சில் அடிக்குறிப்பு போடலாம், காதுக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஆதாரம் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம், கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட நாள். “வாஞ்சிநாதனின் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது” என்று எழுதினால், அதைப் பார்த்தவர் யார்? சுட்ட கையோடு அவர் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் நெஞ்சில் ஓடியதைச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் அவர் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. “போலீசார் சட்டைப்பையைத் துழாவுகிறார்கள். ஒரு கடிதம் வருகிறது” என்று சொல்லி ஒரு விநாடி நிறுத்துங்கள். கற்பனை செய்த நடுக்கத்தைவிட அது கேட்பவரை நிமிர்ந்து உட்காரவைக்கும்.

உரையாடலை நீங்களாக எழுதாதீர்கள். சாட்சியத்தில் உள்ள கேள்வி–பதிலை இரண்டு குரல்களில் வாசிக்கலாம். ஆங்கிலச் சாட்சியத்தைத் தமிழாக்கி வாசித்தால், “சாட்சியத்தின் தமிழாக்கம்” என்று ஒருமுறை சொல்லிவிட வேண்டும். ஊகம் தேவைப்படும் இடத்தில் “இங்கே ஆவணம் இல்லை, நாங்கள் நினைப்பது இது” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஸ்கிரிப்டின் ஓரத்தில் ஒவ்வொரு பத்திக்கும் ஆதாரம், பக்க எண்ணோடு குறித்திருக்கட்டும். ஓரம் காலியாக உள்ள பத்தியைப் பதிவுக்கு முன் இன்னொருவர் கையில் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். எழுதியவருக்கு வெட்ட மனம் வராது.

கேள்வி: ஒரு அத்தியாயம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 100 முதல் 110 சொற்கள் வரும். 20 நிமிடம் என்றால் சுமார் 2,100 சொற்கள். ஐந்து பெயர்களுக்கு மேல் ஒரே அத்தியாயத்தில் நுழைந்தால் கேட்பவர் தடம் மாறிவிடுவார். மற்றவர்களை ‘வண்டிக்காரர்’, ‘பக்கத்து வீட்டுக்காரர்’ என்று சொன்னால் போதும்.

கேள்வி: வீட்டு அறையில் பதிவு செய்கிறோம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. பின்னணி ஒலி எவ்வளவு சேர்க்கலாம்?

பதில்: மைக் தூரமாக இருக்கிறது, அறையின் எதிரொலி குரலைவிட முந்துகிறது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் போதும். வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வையுங்கள், ‘ப’ வரும்போது காற்று அடிக்காது. எதிரிலும் முதுகுக்குப் பின்னாலும் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். யாரும் பேசாமல் 30 விநாடி வெறும் அறையையும் பதிந்து வையுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களில் அதைப் பரப்பாவிட்டால், ஒட்டு காதில் இடிக்கும். முடித்த கோப்பின் சராசரி ஒலி அளவு ஸ்டீரியோவில் மைனஸ் 16 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு), மோனோவில் மைனஸ் 19 இருக்கட்டும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக்கூடாது.

பின்னணி ஒலியும் ஆதாரம்தான். 1911 மணியாச்சியில் டீசல் எஞ்சின் ஹாரன் ஒலித்தால், அதைக் கவனித்தவர் உங்கள் தேதிகளையும் நம்பமாட்டார். அங்கே நின்றது நீராவி எஞ்சின். சாவு வரும் இடத்தில் இசையை ஏற்றாதீர்கள், இறக்குங்கள்.

கேள்வி: குடும்பத்தினர் வழக்குப் போடுவார்களா? பாகவதர் பாட்டைப் பயன்படுத்தலாமா?

பதில்: விடுதலையானவரைக் ‘கொலையாளி’ என்று சொல்லாதீர்கள், தலைப்பில்கூட. இறந்தவரைப் பற்றியதானாலும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கில் சொன்ன பழி அவதூறுக் குற்றமாகலாம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை, அவர் இறந்திருந்தாலும், வெளியிடக்கூடாது. ஊர், உறவு, வேலை மூன்றையும் சேர்த்துச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பாட்டு விஷயம் இரண்டு அடுக்கு. 1940-களின் இசைத்தட்டில் உள்ள ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுக் காப்புரிமை தீர்ந்துவிட்டது. ஆனால் பாட்டை எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு. பாகவதர் பாடிய பல பாடல்களை எழுதிய பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார். அவர் எழுதிய வரிகளுக்கு 2033 முடியும்வரை அனுமதி வேண்டும். தீர்ப்புகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நீதிமன்றமே தடுத்திருந்தால் தவிர, தாராளமாக வாசிக்கலாம்.