பாசிப்பயறு எடையில் முறைகேடு

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் ஊர்க் கரையில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் தீவுப் பக்கமிருந்து வள்ளத்தில் திரும்பியதும் ஈரச்சேலை மாற்ற ஒரு மறைப்புக்கூட இல்லை. பாசி காயவைக்கக் களம் இல்லை, மணலில்தான் பரப்புகிறார்கள். நண்பர்கள் நாற்பது பேர் சேர்ந்து பத்திரிகைகளுக்கு எழுதத் தீர்மானித்தோம். ஒரு மாதிரிக் கடிதம் தயார் செய்து, பெயரை மட்டும் மாற்றி எல்லோரும் ஒரே வாரத்தில் அனுப்பினோம். மூன்று மாதம் ஆகிறது, ஒன்றுகூட வரவில்லை. ஆசிரியருக்குக் கடிதம் என்பதே ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு, வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேர் பார்ப்பார்கள் என்கிறான் ஒரு நண்பன். எந்தப் பத்திரிகைக்கு, எத்தனை வார்த்தைக்குள் எழுதினால் போடுவார்கள்? எங்கள் மாதிரிக் கடிதத்தை இணைத்திருக்கிறேன்.

ம., கீழக்கரை வட்டம்

அன்புள்ள ம.,

போன வாரம் மண்டபம் ஊரில் ஒரு டீக்கடையில் உளுந்த வடையை மடித்துக் கொடுத்த தாளில் வாசகர் கடிதப் பகுதி இருந்தது. எண்ணெய் ஊறிப் பாதி எழுத்து போய்விட்டது. மிச்சப் பாதியில் ஒருவர், தன் ஊர் நிறுத்தத்தில் காலைப் பேருந்து நிற்பதில்லை என்று எழுதி, நிற்காமல் போன ஒன்பது நாட்களின் தேதிகளை வரிசையாகக் கொடுத்திருந்தார். வடையைத் தின்றுவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சட்டை பாழ். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. அந்த ஒன்பது தேதிகளும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

எந்தப் பத்திரிகை, எத்தனை வார்த்தை என்பதையெல்லாம் விடுங்கள். உங்கள் ஊருக்கு எந்தத் தாள் அதிகம் வருகிறது என்று முடிவெட்டும் கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். உங்கள் நண்பருக்கு ஒன்று: பாரதி புதுச்சேரியில் இருந்துகொண்டு 'இந்து' நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதங்கள் எழுதியபோது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் போடுங்கள், யார் வேண்டாம் என்றது.

சரி, மாதிரிக் கடிதத்துக்கு வருவோம். "கடலன்னையின் மடியில் தவழும் எங்கள் தாய்மார்களின் வாழ்வாதாரம் கேள்விக்குறியாகி வருவது கண்டு நெஞ்சம் பதைக்கிறது" என்று ஆரம்பித்து, "சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உரிய நடவெடிக்கை எடுப்பார்களா?" என்று முடிகிறது. யார் தவழ்கிறார்கள் தம்பி? விரல் அறுபடாமலிருக்கத் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, நீந்தத் தோதாகக் காலில் தட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் ஒட்டியிருப்பதைப் பறிக்கிறார்கள். உங்கள் கரையில் தினமும் நடப்பது இது. நீங்கள் பார்த்ததே இல்லையா?

பார்த்திருக்கிறீர்கள். அதுதான் என் கோபம். ஈரச்சேலை, மறைப்பு, களம், மணல் எல்லாம் எனக்கு எழுதிய நாலு வரியில் இருக்கிறது. பத்திரிகைக்கு எழுதியதில் ஒன்றுகூட இல்லை. என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை, பதைத்ததோடு சரி. கைவசம் இருந்த நல்ல கடிதத்தை எனக்கு அனுப்பிவிட்டு, கெட்ட கடிதத்தை நாற்பது பிரதி எடுத்து அங்கே அனுப்பியிருக்கிறீர்கள்.

நாற்பது! அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். முதல் உறையைப் பிரிக்கிறார், நெஞ்சம் பதைக்கிறது. இரண்டாவதிலும் பதைக்கிறது. மூன்றாவதில் அதே 'நடவெடிக்கை', அதே பிழையோடு. நாலாவதைப் பிரிப்பாரா? நாற்பது பேர் சொன்னால் பலம் என்று நினைத்தீர்கள். ஒரே வாசகம் நாற்பது தடவை வந்தால் அங்கே இருப்பது ஓர் ஆள்தான், மிச்சம் முப்பத்தொன்பதும் கார்பன் பிரதி. நாற்பது பேரும் ஆளுக்கொரு நாள் கரைக்குப் போய், கண்ணில் பட்டதை ஆளுக்கு ஐந்து வரி எழுதியிருந்தால் அது வேறு. ஒருவர் களத்தைப் பற்றி, ஒருவர் மழை வந்தால் பாசி என்ன ஆகிறது என்று, ஒருவர் வள்ளத்துக்கு என்ன வாடகை என்று. ஐம்பது காசு அஞ்சலட்டையே போதும். நாற்பதில் மூன்று வந்தாலும் அந்த மூன்றை வெட்டி, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம். அச்சில் வந்ததற்கு அங்கே கொஞ்சம் கனம் உண்டு.

1979இல் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற கைதி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அவரே தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு விசாரித்தார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு பிரசித்தம். பத்ரா தன் கடிதத்தில் சிறைகளின் அவலம் கண்டு பதைக்கவில்லை. பணம் பறிப்பதற்காக ஒரு சிறை வார்டர் இன்னொரு கைதியை எப்படி வதைத்தார் என்று எழுதினார். ஒரு கைதி, ஒரு வார்டர், அவ்வளவுதான்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தின் நடுவில் 'வாயில்லாப் பூச்சிகளான இப்பெண்கள்' என்று வருகிறது. பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தியைத் தெரியுமா? பாசிப் பெண்களைத் திரட்டியவர், தீவுகளின் சூழலைக் காக்கப் பாடுபடுபவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை 2015இல் வாங்கினார். மாதத்துக்கு 12 நாள்தான் கடலில் இறங்குவது, மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்திவைப்பது, பாறையை இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். வாய் இல்லையாம். இதை அவர்கள் எதிரில் வாசித்துக் காட்டுங்கள், வாய் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நான் மட்டும் யோக்கியனா என்றால், இல்லை. 1988இல் கல்லூரியில் முதல் வருடம். லீவில் வந்தபோது பாசி எடுக்கும் என் அத்தை, "நீதான் படிக்கிறியேப்பு, பேப்பருக்கு ஒண்ணு எழுது" என்றாள். எழுதினேன். இரண்டு முழுப் பக்கம். நெய்தல் திணை வந்தது, சுரண்டல் வந்தது, ஏழ்மையின் இருள் வந்தது. நடுவில் எங்கேயோ அத்தை சொன்னதையும் அப்படியே செருகியிருந்தேன். பத்து நாள் கழித்து வந்தது. என் நெய்தலும் இல்லை, இருளும் இல்லை. பாசியில் ஒட்டிய மணலுக்கென்று ஏவாரி (வியாபாரி) எடையில் கழிப்பதைப் பற்றி அத்தை சொன்னது மட்டும்:

"பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு பிடிக்கிறார்கள். உதறிக் கொடுத்தாலும் கழிவு, உதறாமல் கொடுத்தாலும் கழிவு. அப்படியென்றால் நான் எதற்கு உதற வேண்டும்?"

கீழே என் பெயர். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: பாசிப்பயறு எடையில் முறைகேடு.

அந்த உதவி ஆசிரியர் கடலைப் பார்த்திருக்க மாட்டார் போலிருக்கிறது. பாசி என்றால் அவருக்குப் பயறு. ஆனால் இரண்டு பக்கக் குப்பையில் எது கடிதம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் வாசித்துக் காட்டியதும் அத்தைக்கு வந்ததே கோபம். "என்னப்பு, பயறா? கடல்ல பயறா வெளையுது?" இன்னொரு கடிதம் எழுதித் திருத்தச் சொல் என்றாள். எழுதினேன், அது வரவில்லை.

சிரித்துவிட்டீர்களா? இனிமேல்தான் விஷயம்.

ஏவாரியும் பேப்பர் படிப்பவர். பயறு என்று போட்டிருந்தாலும் அந்த மூன்று வரியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஏனென்றால் 'அப்ப நான் எதுக்கு உதறணும்' என்பதை அத்தை தராசுக்கு முன்னால் நின்று அவர் முகத்துக்கு நேரே பல தடவை கேட்டிருக்கிறாள். என் பெயர் இருந்து என்ன, குரல் அவளுடையது. அவர் சத்தம் போடவில்லை. "ஒங்க சரக்கு இந்தத் தடவை வேணாம்" என்றார். அவ்வளவுதான். இரண்டு அமாவாசைக்கு எடுத்த கஞ்சிப்பாசி திண்ணையில் மூட்டையாகக் கிடந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் தன் சாக்கோடு சேர்த்துப் போட்டு, கிடைத்த காசைப் பங்கு பிரித்துக் கொடுத்தாள். நான் அதற்குள் விடுதிக்குத் திரும்பி, வெட்டியெடுத்த கடிதத்தைச் சிநேகிதர்களிடம் காட்டிக்கொண்டிருந்தேன். திண்ணையில் கிடந்த மூட்டை விவகாரம் எனக்குத் தெரியவந்ததே பொங்கலுக்கு வந்தபோதுதான். அதையும் அத்தை சொல்லவில்லை, அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னாள். 'எழுதுறதுக்கு முன்னாடி அத்தைகிட்ட ஒரு வார்த்தை, இத எழுதலாமா, எழுதினா என்ன ஆகும்னு கேட்டியா?' என்றாள். எழுதச் சொன்னதே அத்தைதானே என்றேன். 'எழுதத்தான சொன்னுச்சு, அது சொன்னத அப்படியே போடவா சொன்னுச்சு?' இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வருடம் கழிவு முக்கால் கிலோவாகக் குறைந்தது. கடிதத்தாலா, போட்டிக்கு இன்னொரு ஏவாரி வந்ததாலா என்று கேட்டால், அத்தை கேட்கிற ஆளைப் பொறுத்து இரண்டில் ஒன்றைச் சொல்வாள்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். 'நெஞ்சம் பதைக்கிறது' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, அதனால்தான் அதை நாற்பது பேரும் பயமில்லாமல் அனுப்ப முடிந்தது. ஈரச்சேலை என்று எழுதினால் யாருடைய சேலை என்று ஊருக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூசும் விஷயம் அது. அவர்களைக் கேட்டீர்களா? கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. நாற்பது பேரில் ஒரு பெண்ணாவது உண்டா என்றும் நீங்கள் சொல்லவில்லை. வள்ளம் கரை சேரும் நேரத்தில் ஆண்கள் கூட்டமாகப் போய் நின்றுவிடாதீர்கள், அதுவேறு. உங்கள் அம்மாவையோ அக்காவையோ அனுப்புங்கள். மறைப்பு வேண்டுமா, களம் முதலிலா, எதை அச்சில் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அவர்களே சொல்லட்டும். ஒருவேளை அவர்களில் ஒருத்தியே கையெழுத்துப் போடுகிறேன் என்பாள். அப்போது உங்கள் நாற்பது பேருக்கும் அஞ்சலட்டை வாங்கிக் கொடுக்கிற வேலைதான் மிஞ்சும், அதைச் சந்தோஷமாகச் செய்யுங்கள்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். 'நடவடிக்கை'யைச் சரிசெய்து தருகிறேன். அப்புறம், பாசி என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் மறக்காமல் 'கடல்பாசி' என்றே எழுதுங்கள்.