மரக்கிளையில் தொங்கிய சோற்றுப் பொட்டலம்

அன்புள்ள ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு வரலாற்று நிகழ்ச்சியைப் பற்றி ஸ்கிராப் புக் தயாரித்து வரவேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் மன்னார்குடிக்காரர்கள் என்பதால் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கம்ப்யூட்டர் சென்டரில் பதினைந்து வண்ணப் படங்கள் அச்சிட்டு வந்தோம். ராஜாஜி, காந்தி, கொடி, கடற்கரை, தடியூன்றி நடக்கும் கூட்டம். மினுமினுக்கும் தாள், பூ ஸ்டிக்கர் எல்லாம் வாங்கியாயிற்று. நான்கு பக்கம் ஒட்டி முடித்ததும், "அம்மா, எல்லார் நோட்டிலும் இருப்பதுதானே இதிலும் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு தொடவே இல்லை.

இன்னொரு விஷயம். என் மாமியார் 1944-இல் பிறந்தவர். அவருடைய பாட்டி, அந்தத் தொண்டர்களுக்காக ராத்திரியில் புளிச்சோறு கட்டிக்கொண்டுபோய் மரக்கிளையில் தொங்கவிட்டு வந்தார் என்று அடிக்கடி சொல்வார். எழுத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. பாட்டியின் போட்டோகூட இல்லை. இதை நோட்டில் சேர்க்கலாமா? சேர்ப்பதென்றால் எதை ஒட்டுவது?

ஒரு வாசகி, மன்னார்குடி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் எழுந்து போனாளே, அங்கிருந்துதான் இந்த நோட்டு தொடங்குகிறது. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒட்டியது போக மிச்சமிருக்கும் படங்களைப் பாயில் பரப்புங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, இது எந்த ஊர், எந்த நாள் என்று அவளையே கேளுங்கள். தடியூன்றி நடக்கும் கூட்டத்தின் முன்னால் காந்தி இருந்தால் அது வேதாரண்யம் அல்ல, குஜராத். அவர் சபர்மதியிலிருந்து 1930 மார்ச் 12 அன்று புறப்பட்டு, ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பெடுத்தார். நம்முடைய பயணம் அதற்குப் பிறகு, ஏப்ரல் 13 அன்று, திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் கிளம்பியது. ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நினைவு நாள் அது. தண்டிப் படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். கீழே "இது தண்டி" என்று அவள் கையெழுத்தில் எழுதினால் போதும், அந்தப் படம் தன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

இப்போது உங்கள் மாமியாரின் பாட்டிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த நான்கு வரிகளைத்தான்.

சுமார் நூறு தொண்டர்கள் ஏறக்குறைய 150 மைல் நடக்கப் போகிறார்கள். திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், உங்கள் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று காவிரிப் படுகை முழுவதையும் குறுக்கே கடந்து கடற்கரைக்குப் போகும் வழி. அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த ஜே. ஏ. தார்ன், தொண்டர்களைத் தடுக்க ஓர் உபாயம் கண்டுபிடித்தார். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களும் தங்க இடம் கொடுக்கிறவர்களும் சிறைக்குப் போக நேரிடும் என்று ஊர் ஊராக அறிவிக்கச் செய்தார். நடக்கிறவனை அடிக்க வேண்டாம், பசியோடு விட்டால் அவனே திரும்பிவிடுவான் என்பது கணக்கு. சோழநாடு சோறுடைத்து என்று பேர் வாங்கிய மண்ணில், வழிப்போக்கனுக்குச் சோறு போடுவது குற்றம் என்றார்கள். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் எல்லாரும் பார்க்கத் தம் வீட்டிலேயே தொண்டர்களை வரவேற்று உணவளித்தார். கைதாகிச் சிறைக்குப் போனார். அவரைப்போல வெளிப்படையாக நிற்க முடியாதவர்கள், தொண்டர்கள் வரும் வழியில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு மறைந்துவிட்டார்கள். கொள்ளிடக் கரையில் மணலுக்குள் பாத்திரத்தோடு புதைத்து வைத்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

பந்துலு ஐயரின் பெயர் ஏட்டில் இருக்கிறது, கைது செய்யப்பட்டார் என்பதால். கிளையில் பொட்டலம் கட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. யார் கட்டியது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகத்தானே அவர்கள் இருட்டில் போனார்கள்! நீங்கள் ஆதாரம் இல்லை என்று வருந்துகிறீர்கள். அப்படி ஒரு காரியத்துக்கு ஆதாரம் எப்படி இருக்கும்?

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆதாரம் இருக்க வழியில்லை என்பதாலேயே நடந்தது உறுதி என்று ஆகிவிடாது. மாமியார் சொல்வது, அவர் பிறப்பதற்குப் பதினான்கு வருஷத்துக்கு முன் நடந்த விஷயம். அவரும் கேட்டதைத்தான் சொல்கிறார். ஆகவே அதை வரலாறு என்று எழுத வேண்டாம், வீட்டில் சொல்லப்படுவது என்று எழுதுங்கள். சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார், அவர் யார் வாயிலிருந்து கேட்டார் என்று மூன்று வரி போதும். அவர் பேசுகிறபடியே மகள் எழுதிக்கொள்ளட்டும், திருத்த வேண்டாம். அடுத்த வாரம் அதே கதையை வேறு மாதிரி சொன்னால் அதையும் தனித்தாளில் எழுதிப் பக்கத்திலேயே வைக்கட்டும். தெரிந்ததையும் கேட்டதையும் பிரித்துவைக்க ஒரு பெண் பதின்மூன்று வயதில் பழகிவிட்டால், அதைவிடப் பெரிய பாடம் அந்த நோட்டில் வேறென்ன இருக்கப்போகிறது?

எதை ஒட்டுவது என்று கேட்டீர்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நோட்டை விரித்தால் எதிரெதிராக இரண்டு பக்கம். இடது பக்கத்தில் கலெக்டரின் உத்தரவு என்ன சொன்னது என்பதை மட்டும் அவள் தன் சொந்த வாக்கியத்தில், கறுப்பு மையில், ஓர் அலங்காரமும் இல்லாமல் எழுதட்டும். வலது பக்கம் முழுவதும் ஒரு மரம். அதன் கிளையில் உண்மையாகவே ஒரு சின்னப் பொட்டலம் தொங்க வேண்டும். நன்றாகக் காய்ந்த வாழைச் சருகில் உள்ளங்கை அளவு வெட்டி, மடித்து, வாழைநாரால் கட்டி, நாரின் முனையைத் தாளில் ஊசியால் கோத்துவிடலாம். பச்சை இலை கூடாது, பூஞ்சணம் பிடித்துவிடும். பொட்டலத்துக்குள் நான்காக மடித்த ஒரு துண்டுத் தாள். அதில்தான் மாமியார் சொன்னது. நோட்டைப் பார்க்கிறவர் கட்டை அவிழ்த்தால்தான் படிக்க முடியும். அவிழ்ப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் அவர் கை தயங்குமே, அந்தத் தயக்கத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். இந்த ஒரு விரிப்புக்காக மற்ற எல்லாப் பக்கங்களையும் நான் விட்டுக்கொடுப்பேன்.

மினுமினுக்கும் தாளை எடுத்து வைத்துவிடுங்கள். வேறு எதற்காவது பயன்படும்.

வெட்டி ஒட்டுவது பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டுக்கு வந்த பத்திரிகைகளில் ஒரு படத்தையும் விடாமல் வெட்டி, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மைதா பசை காய்ச்சி ஒட்டினேன். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று ஓரங்களை ஒட்ட நறுக்கினேன். பத்திரிகையின் பெயரும் தேதியும் அந்த ஓரங்களோடு குப்பைக்குப் போயின. பல வருஷம் கழித்து, பூச்சி அரித்த ஒரு படம் தானாகவே பெயர்ந்து வந்தது. பின்னால் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தின் பாதி. புடவையின் பெயர் இருந்தது, விலை இருந்த பக்கத்தைப் பசை தின்றிருந்தது. நிலவின் படத்தை இன்று எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த வாரம் எங்கள் ஊரில் ஒரு புடவை என்ன விலை விற்றது என்பதை நான் இனி எங்கே பார்ப்பேன்? அதனால் சொல்கிறேன்: வீட்டில் பழைய கடிதமோ போட்டோவோ பத்திரிகையோ கிடைத்தால் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள், அசலில் கத்தரி படவே கூடாது. ஓரத்தை விட்டு வெட்டுங்கள். தாள் முழுவதும் பசை தடவாமல், பழைய ஆல்பங்களில் இருக்குமே, நான்கு மூலைகளைச் செருகிவைக்கும் காகித முக்கோணங்கள், அவற்றைச் செய்து கொடுங்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியும். செலோடேப் வேண்டவே வேண்டாம், சில வருஷங்களில் பழுப்பேறிக் கறையை விட்டுவிட்டு அது மட்டும் உதிர்ந்துவிடும். பைண்டு செய்கிறவர்கள் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

உப்பை ஒட்டும் ஆசை கட்டாயம் வரும். மழைக்காலத்தில் கல்லுப்பு கசியும், மை ஊறும், ஸ்டேபிள் பின் துருப்பிடிக்கும், பத்துப் பக்கமும் பாழாகும். மூடி இறுகிய சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, நோட்டின் முதுகில் நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். முடிந்தால் அது வேதாரண்யத்து உப்பாகவே இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு திருத்துறைப்பூண்டி வழியாகப் பஸ்ஸில் போய் வாருங்கள். அவர்கள் நடந்த வழியின் கடைசிப் பகுதி அதுதான். ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்து, 30 அன்று விடியற்காலையில் ராஜாஜி உப்பெடுத்துக் கைதானார். ஊரை ஒட்டிய அகஸ்தியம்பள்ளியில் நினைவு ஸ்தூபி இருக்கிறது. உப்பளத்தில் இன்றும் வேலை நடக்கிறது. பாத்தியில் நிற்கிறவர்களிடம் ஒரு பிடி கேட்டால் கொடுப்பார்கள். போய்வந்த பஸ் டிக்கெட்டையும் ஒட்டலாம். ஆனால் நடத்துநரின் கைக்கருவியில் அச்சாகி வரும் டிக்கெட்டில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

மற்றப் பக்கங்களுக்கு ஆள் பஞ்சமில்லை. வேதாரண்யத்தில் தொண்டர்களுக்கு இடம் கொடுத்து எல்லாவற்றையும் தாங்கி நின்ற வேதரத்தினம் பிள்ளைக்கு ஒரு பக்கம். இந்தப் போராட்டத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதிக்கு ஒரு பக்கம், பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் அமைச்சர் ஆனவர். தொண்டர்கள் பாடிக்கொண்டு நடந்த பாட்டை எழுதியவர் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. அந்தப் பாட்டை மகள் மனப்பாடம் செய்து, பாராமல் எழுதட்டும்.

வைரப்பனை மறந்துவிடாதீர்கள். அவர் வேதாரண்யத்து நாவிதர். சவரத்துக்கு வந்து உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை வைத்துவிட்டார் என்றும், மீதியை முடிக்கும்படி நீதிமன்றத்தில் சொன்னபோது சவரப்பெட்டியை நீதிபதியிடமே நீட்டினார் என்றும், அதற்காகச் சிறைக்குப் போனார் என்றும் அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். உண்ணக் கொடுத்ததற்குத் தண்டனை பெற்ற பந்துலு ஐயரையும், சவரம் செய்ய மறுத்ததற்குத் தண்டனை பெற்ற வைரப்பனையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளக்கம் எழுத வேண்டாம், உங்கள் மகளே பேச ஆரம்பித்துவிடுவாள்.

கடைசிப் பக்கத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். நோட்டு பள்ளியிலிருந்து திரும்பி வந்ததும் மாமியார் மடியில் வைத்துப் புரட்டினால், இன்னும் ஏதாவது நினைவுக்கு வரும்.

அதற்குமுன் இன்று ராத்திரியே அவரிடம் ஒன்று கேட்டுச் சொல்வீர்களா? பாட்டி அந்தப் புளிச்சோற்றை எதில் கட்டினார், வாழையிலையிலா, மந்தாரை இலையிலா, கிழிந்த புடவைத் துணியிலா? நான் சருகு என்று எழுதிவிட்டேன். அவர் வேறு ஏதாவது சொன்னால், மகள் அதிலேயே கட்டட்டும்.

அன்புடன்