நுகர்வோர் கேள்வி-பதில்: ஓஎல்இடியா, எல்சிடியா?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொலைக்காட்சித் திரையைப் பற்றியவை என்பதால் மற்றவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கியிருக்கிறேன். இடம் கருதிக் கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கே: ஓஎல்இடி, எல்சிடி இரண்டில் எது சிறந்தது? சுருக்கமாகச் சொல்லவும்.

ப: விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவருக்கு ஓஎல்இடி, வெளிச்சமான கூடத்தில் காலை முதல் இரவு வரை ஓடவிடுபவருக்கு எல்சிடி. இருவரில் நீங்கள் எவர் என்று எழுதாததால் இதற்கு மேல் சொல்ல வழியில்லை.

கே: நான் இரவில் மட்டுமே படம் பார்ப்பவன். நண்பர் வீட்டு ஓஎல்இடியில் கருப்பு உண்மையிலேயே கருப்பாக இருக்கிறது. என் எல்சிடியில் அதே காட்சி சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது. பிரைட்னஸைக் குறைத்தும் பயனில்லை. டிவியில் கோளாறா?

ப: கோளாறு இல்லை, அதன் பிறவிக்குணம் அப்படி. எல்சிடித் திரையில் உள்ள திரவப் படிகங்களுக்குச் சொந்த ஒளி கிடையாது; பின்னால் எரியும் விளக்கின் ஒளியைக் கூட்டியோ குறைத்தோ வெளியே விடும் கதவுகள்தாம் அவை. கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கு வழியே சிறிது ஒளி கசியும். அந்தக் கசிவைத்தான் நீங்கள் சாம்பலாகக் காண்கிறீர்கள். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால், கருப்பு வேண்டிய இடத்தில் அந்தப் பிக்சல் அணைந்தே போய்விடுகிறது. அங்கே கசிவதற்கு எதுவும் இல்லை.

இந்தக் குறையை ஈடுகட்டவே எல்சிடியில் லோக்கல் டிம்மிங் வந்தது. பின்னொளியைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருண்ட இடத்துக்குப் பின்னால் உள்ள விளக்கை மட்டும் மங்கச் செய்யும் முறை இது. ஆனால் ஒரு 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. பின்னொளி 500 பகுதிகளாகப் பிரிந்திருந்தால், ஒவ்வொரு பகுதியிலும் 16,000-க்கும் மேற்பட்ட பிக்சல்கள் ஒரே விளக்கை நம்பியிருக்க வேண்டியதுதான். இருண்ட காட்சியின் அடியில் வெள்ளை வசனவரி தோன்றியதும் அதைச் சுற்றிப் புகைபோல ஒளி படர்வது இதனால்தான். மிகச் சிறிய எல்இடி விளக்குகளைப் பின்னொளியாகக் கொண்ட மினி எல்இடியில் பகுதிகள் கூடுவதால் அந்தப் புகை குறையும், முற்றிலும் மறையாது. நீங்கள் சொல்லும் பழக்கத்துக்கு ஓஎல்இடியே பொருந்தும். ஒன்றை மட்டும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: ஓஎல்இடி பிக்சல்கள் மிக விரைவாக மாறுவதால், நொடிக்கு 24 பிரேம் வீதம் எடுக்கப்பட்ட திரைப்படங்களில் கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது காட்சி சற்றே தத்தித் தத்திச் செல்வதுபோல் தெரியும். அதையும் கோளாறு என்று எனக்கு எழுத வேண்டாம்.

கே: ஐயா, ஓஎல்இடி வேண்டும் என்றுதான் கேட்டேன். "கியூஎல்இடி அதைவிடப் புதியது, அதன் அடுத்த தலைமுறை" என்று விற்பனையாளர் சொன்னதை நம்பிச் சேமிப்பைக் கொட்டி வாங்கினேன். வீட்டில் விளக்கை அணைத்தால் திரை முழுவதும் மங்கலாக ஒளிர்கிறது. கேட்டால், "பெட்டியின் மேல் தெளிவாக எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா" என்கிறார்கள்.

ப: நீங்கள் படித்துத்தான் இருப்பீர்கள். படித்தாலும் ஏமாறும்படி வைக்கப்பட்ட பெயர் அது. ஆங்கிலத்தில் ஓ என்னும் எழுத்துக்கு ஒரு சிறு வால் முளைத்தால் கியூ ஆகிவிடுகிறது. அந்த வாலின் நீளம்தான் இரண்டு தொழில்நுட்பங்களுக்கு இடையே வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு.

இந்த ஏமாற்று நேற்றுத் தொடங்கியதன்று. எல்சிடிப் பெட்டிகளில் முதலில் மெல்லிய குழல்விளக்குகளே பின்னொளி தந்தன. அவற்றை எடுத்துவிட்டு எல்இடி விளக்குகளைப் பொருத்தியதும், திரை அதே எல்சிடித் திரையாகவே இருக்க, பெட்டிக்கு மட்டும் "எல்இடி டிவி" என்று புதுப்பெயர் சூட்டினார்கள். மண்ணெண்ணெய் விளக்கை எடுத்துவிட்டு மின்விளக்கு மாட்டியதற்காக வீட்டையே "மின்விளக்கு வீடு" என்று விற்பதைப் போன்றது இது. படத்தை எல்இடிகளே உருவாக்குவதாக எண்ணத் தூண்டும் விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று பிரித்தானிய விளம்பரத் தர ஆணையம் 2009-இலேயே தீர்ப்புச் சொல்லியது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. இன்று எல்இடி டிவி வைத்திருப்பவரிடம் அது எல்சிடிதான் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார். கியூஎல்இடி அதற்கு அடுத்த படி. எல்சிடியின் பின்னொளிக்கும் படிகங்களுக்கும் இடையில் குவாண்டம் புள்ளிகள் என்னும் மிக நுண்ணிய ஒளிர்துகள்கள் அடங்கிய ஒரு மெல்லிய ஏடு இருக்கும். அது நிறங்களைத் தூய்மையாக்கும். குவாண்டம் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கியவர்களுக்கு 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே அறிவியலில் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை. நிறம் மேம்படுகிறது என்பது உண்மை. கருப்பு மேம்படுவதில்லை என்பதும் உண்மை, ஏனெனில் ஒளி இன்னும் பின்னாலிருந்துதான் வருகிறது. குழப்பம் போதாது என்பதுபோல, 2022 முதல் கியூடி-ஓஎல்இடி என்று ஒன்றும் கடைக்கு வந்திருக்கிறது. அது உண்மையான ஓஎல்இடி. பெயரில் கியூ இருந்தால் எல்சிடி என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்களையும் இப்படிக் கவிழ்த்துவிட்டார்கள்.

இனி உங்கள் விவகாரம். விற்பனையாளர் சொன்ன சொற்களை, நாளும் நேரமும் குறித்து, எழுத்தில் புகாராகக் கடையின் மேலாளருக்கு அனுப்புங்கள். விலையில் ஏறக்குறைய இணையான ஓஎல்இடி மாடலைக் குறிப்பிட்டு மாற்றித் தருமாறு கேளுங்கள். வாங்கியவரின் கவனக்குறைவு என்று அவர்கள் தட்டிக்கழித்தால், "கேட்ட பொருள் வேறு, தந்த பொருள் வேறு" என்னும் ஒரே வாதத்தில் நின்று நுகர்வோர் அமைப்பிடம் செல்லுங்கள். கடை கையை விரித்துவிட்டால், திரையின் பின்புறச் சுவரில் படும்படி மங்கலான வெள்ளை விளக்கு ஒன்றை வைத்துப் பாருங்கள்; கண்ணின் பாப்பா சற்றுச் சுருங்குவதால் சாம்பல் ஓரளவு கருப்பாகத் தோன்றும். இனி வாங்கப்போகும் மற்றவர்கள் பணம் கொடுக்கும் முன் "திரை வகை: ஓஎல்இடி" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கை எதை மறைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கே: பத்து லட்சத்துக்கு ஒன்று என்று கான்ட்ராஸ்ட் போட்டிருக்கும் எல்சிடியை நம்பலாமா?

ப: நான் ஒருமுறை நம்பினேன். அந்தப் பெட்டி என் வீட்டின் பின்னறையில் ஐந்து ஆண்டுகள் சாம்பல் நிறத்து இரவுகளைக் காட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை கருப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சம் என்பதுதான் கான்ட்ராஸ்ட். முழு வெள்ளைக் காட்சியையும் பின்னொளியை அணைத்துவிட்ட கருப்புக் காட்சியையும் தனித்தனியே அளந்து வகுத்தால் எத்தனை லட்சம் வேண்டுமானாலும் வரும். ஒரே காட்சிக்குள், டிம்மிங் இல்லாமல், எல்சிடியின் இரு முக்கிய வகைகளில் ஐபிஎஸ் வகைத் திரை சுமார் ஆயிரத்துக்கு ஒன்றும், விஏ வகைத் திரை மூவாயிரமோ அதற்குச் சற்று மேலோவும் தரும்.

கே: 65 அங்குல ஓஎல்இடி வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பகல் முழுவதும் ஒரே செய்திச் சேனல் ஓடும். படுக்கும்போது சுவர் சுவிட்சையும் தவறாமல் அணைத்துவிடுவோம். இப்போது சேனலின் சின்னமும் அடியில் ஓடும் பட்டையும் எந்தப் படம் பார்த்தாலும் நிழலாகத் தெரிகின்றன. வாரண்டியில் சேராது என்கிறார்கள். இது அநியாயம் இல்லையா?

ப: அநியாயத்தில் பாதி உங்களுடையது. ஓஎல்இடியில் ஒளிர்வது கரிமச் சேர்மம். எரிய எரியத் தேயும். திரை முழுவதும் சமமாகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே சின்னம் ஒரே மூலையில் நாளெல்லாம் ஒளிர்ந்தால் அந்த இடம் மட்டும் முன்னதாகத் தேய்ந்து நிழலாக நிற்கும். இதைச் சரிக்கட்ட, பல மாடல்களில் மொத்தம் நான்கு மணி நேரம் அளவுக்கு ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்து ஸ்டேண்ட்பையில் இருக்கும் வேளையில் பெட்டி தன்னைத்தானே அளந்து திருத்திக்கொள்ளும். நீங்கள் இரவுதோறும் சுவர் சுவிட்சை அணைத்து அந்த வேலையை நடக்கவே விடவில்லை. இது கையேட்டில் இருக்கிறது. கையேடு பெட்டிக்குள்தான் இருந்திருக்கும்.

மற்றப் பாதி விற்றவர்களுடையது. நாள் முழுவதும் செய்தி ஓடும் வீட்டுக்கு ஓஎல்இடியை விற்றவர், இந்த ஒரு கேள்வியையாவது கேட்டிருக்க வேண்டும்; வாரண்டியில் இந்தச் சுவட்டை விலக்கியிருப்பதைப் பொடி எழுத்தில் ஒளித்திருக்கக் கூடாது. மெனுவில் பிக்சல் ரிப்ரெஷ் என்பதை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். குறையலாம். தேய்ந்தது திரும்பி வராது.

கே: கடையில் காட்சிக்கு வைத்திருந்த ஓஎல்இடியைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

ப: வேண்டாம். மேலே உள்ள பதிலை இன்னொரு முறை படியுங்கள். கடையில் அது உச்ச வெளிச்சத்தில், திரும்பத் திரும்ப ஒரே படத்தைக் காட்டி ஓடியிருக்கும்.

கே: எங்கள் கூடத்தில் திரைக்கு எதிரே பெரிய ஜன்னல். பகலில் விளையாட்டு பார்ப்பதே அதிகம். ஐந்தாறு பேர் பக்கவாட்டிலும் உட்காருவோம். ஓஎல்இடி என்று முடிவு செய்துவிட்டோம், எந்த மாடல் என்று சொன்னால் போதும்.

ப: முடிவு செய்துவிட்டுக் கேட்பது கேள்வியாகாது, இருந்தாலும் சொல்கிறேன், ஏனெனில் இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். ஜன்னலுக்கு எதிரே ஓஎல்இடியை மாட்டி, முதல் ஞாயிற்றுக்கிழமைப் பகலில் ஆட்டத்துக்குப் பதிலாக என் முகத்தையும் எனக்குப் பின்னால் இருந்த திரைச்சீலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓஎல்இடியின் உச்ச வெளிச்சம் என்று விளம்பரம் சொல்லும் எண் திரையின் சிறு பகுதிக்கு மட்டும் உரியது. வெயிலில் நடக்கும் ஆட்டத்தைப்போலத் திரை முழுவதும் வெளிச்சமான காட்சி வந்ததும், மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்தப் பெட்டி தானாகவே மங்கிக்கொள்ளும். கியூடி-ஓஎல்இடி வகையில் அறை வெளிச்சம் நேரே பட்டால் கருப்பே லேசான ஊதா கலந்த சாம்பலாக மாறுகிறது. ஆகவே கருப்புக்காகக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு, அந்தக் கருப்பு தெரியாத நேரத்தில் மட்டும் டிவி பார்ப்பவராக ஆவீர்கள்.

உங்கள் ஜன்னலுக்கு மினி எல்இடி பின்னொளி கொண்ட எல்சிடி பொருந்தும். சிக்கல் பக்கவாட்டில் உட்காருபவர்களால் வருகிறது: விஏ வகைத் திரை நேரே பார்த்தால் ஆழமான கருப்பைத் தரும், பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும், ஐபிஎஸ் வகை பக்கத்திலிருந்தும் நன்றாகத் தெரியும், கருப்பு மட்டும் சுமார். பெட்டியின் மேல் இதைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். ஒரே மாடலில் 55 அங்குலம் ஒரு வகையாகவும் 65 அங்குலம் வேறு வகையாகவும் இருப்பதுண்டு. எனவே கடையில் திரைக்கு நேரே நின்று மயங்காமல், உங்கள் வீட்டில் கடைசி நாற்காலி இருக்கும் கோணத்துக்கு நடந்து சென்று, மனித முகம் வரும் காட்சியைப் பாருங்கள். ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை போட நீங்கள் இசைந்தால் முடிவே மாறும். அப்போது பக்கவாட்டுப் பார்வைக்கும் ஓஎல்இடியே மேல்.

கே: கடையில் பளிச்சென்று இருந்த டிவி வீட்டில் நீலம் பாய்ந்தாற்போல் இருக்கிறது. மாற்றித் தந்துவிட்டார்களா?

ப: இல்லை. அது இன்னும் கடை மோடிலேயே இருக்கிறது. படத் தேர்வில் சினிமா அல்லது பிலிம்மேக்கர் மோடுக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தோன்றும், பிறகு பழகிவிடும்.

கே: ஏழடி தூரத்திலிருந்து பார்க்க எத்தனை அங்குலம் வாங்கலாம்?

ப: 55 தாராளமாகப் போதும், படமே பெரும்பாலும் பார்ப்பதானால் 65-உம் கண்ணுக்கு மிகையாகாது. அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 48 அங்குலம். அதோடு கால்களின் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு ஓரங்களிலும் கால் வைத்த ஒரு பெட்டியை வாங்கி வந்து, மேசை நான்கு விரற்கடை போதாமல், திரையின் விலையோடு மேசையின் விலையையும் சேர்த்துக் கொடுத்தவன் நான்.

கே: இன்னும் நல்ல தொழில்நுட்பம் வரும்வரை காத்திருக்கலாமா?

ப: இப்போதுள்ள பெட்டி ஓடுகிறதா? ஓடினால் காத்திருங்கள். முதல் ஓஎல்இடி தொலைக்காட்சி 2007-இல் வெறும் 11 அங்குலத் திரையோடு வந்தது. 55 அங்குலம் விற்பனைக்கு வர 2013 ஆயிற்று. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் நுண்ணிய எல்இடிகளால் ஆன, அடுத்ததாகப் பேசப்படும் மைக்ரோ எல்இடியும் அவசரப்படுவதாகத் தெரியவில்லை.

கே: கூடுதல் வாரண்டி எடுக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். ஓஎல்இடிக்கு அது தேவையா?

ப: திரையில் சுவடு பதிவதையும் சேர்த்து ஈடு தருவதாக எழுத்தில் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். விற்பவர் "எல்லாமே கவர் ஆகும்" என்று சொன்னால், அந்த "எல்லாமே" எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.