நாலாவது ஸ்டேஜ் கேன்சரோட வாழறவங்களுக்கு துணை யாரு? எதை பிடிச்சுக்கிட்டு நாள ஓட்டுறீங்க?

உங்க அக்காவுக்கு மார்பக கேன்சர் எலும்புக்கு பரவிடுச்சு, ரூமை விட்டே வெளிய வர மாட்டேங்கிறாங்க, "இனிமே நான் இருந்து என்ன ஆகப்போகுது"ன்னே சொல்லிக்கிட்டு இருக்காங்கன்னு கேள்வியில எழுதியிருந்தீங்க. எனக்கும் அதே வியாதிதாங்க. முதுகெலும்புலயும் இடுப்பெலும்புலயும் இருக்கு. ஊரு ஒட்டன்சத்திரம் பக்கம், வைத்தியம் மதுரையில. முதல் தடவை வந்தப்ப ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைக்கிறதுன்னு (ரேடியேஷனத்தான் எங்க பக்கம் அப்படி சொல்வோம்) எல்லாம் முடிச்சு நல்லாத்தான் இருந்தேன், சில வருஷம் கழிச்சு இடுப்பு வலிக்குதுன்னு பாக்கப்போன இடத்துல பெட் ஸ்கேன்ல தெரிஞ்சது. இனி முழுசா குணமாகாது, ஆனா மருந்தால ரொம்ப நாளைக்கு அடக்கி வைக்கலாம்னு டாக்டரம்மா நேராவே சொல்லிட்டாங்க, எலும்போட மட்டும் நிக்கிறவங்க பல பேரு வருஷக்கணக்குல இருக்காங்கன்னும் சொன்னாங்க. அதனால உங்க அக்கா முன்னாடி இருக்கறது இன்னைக்கோ நாளைக்கோ முடியிற கதை இல்ல, வாழ்ந்தாக வேண்டிய நாளு நிறைய இருக்கலாம், அதுக்குத்தான் துணையும் வேலையும் வேணும்.

துணையப் பத்தி பேசறதுக்கு முன்னாடி வலியப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா வலி இருக்கறப்ப யாரு பக்கத்துல வந்து உக்காந்தாலும் எரிச்சலாத்தான் வரும், பெத்த புள்ள பேசினாக்கூட காதுல ஏறாது. அக்கா ரூம்லயே கிடக்கறாங்கன்னா மனசுதான் காரணம்னு முடிவு பண்ணிடாதீங்க, பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் வலி எத்தனைன்னு கேளுங்க. அஞ்சுக்கு மேல சொன்னாங்கன்னா வலி வைத்தியம் பாக்கற டாக்டர்கிட்ட, அதாவது பாலியேட்டிவ் பிரிவுல, இந்த வாரமே காட்டுங்க. எனக்கு முதுகுக்கு கரண்ட் வச்சதுல பாதி குறைஞ்சது, மீதிக்கு மார்ஃபின் மாத்திரை. மார்ஃபின்னு சொன்னதும் எங்க வீட்ல எல்லாரும் பயந்துட்டாங்க, அது கடைசி நேரத்துல குடுக்கறது, பழக்கமாயிடும்னு ஆளாளுக்கு சொன்னாங்க. அப்படி இல்லைங்க. டாக்டர் அளவு சொல்லி, வலி வர்ற வரைக்கும் காத்திருக்காம மணி பாத்து போட்டா, உடம்பு நிமிந்து நம்ம வேலைய நாமே பாக்கலாம். மலச்சிக்கல் மட்டும் கட்டாயம் வரும், அதுக்கு மருந்து கூடவே எழுதி வாங்கிக்கணும். நம்ம நாட்ல 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்துக்கு பயந்துக்கிட்டு பல ஆஸ்பத்திரியில இந்த மாத்திரைய வாங்கி வைக்கறதையே விட்டுட்டாங்க, 2014ல சட்டத்த திருத்தி லேசாக்கினாங்க, ஆனாலும் எல்லா ஊர்லயும் இன்னும் கிடைக்கறதில்ல, அதனால எங்க கிடைக்கும்னு மொதல்லயே விசாரிச்சு வச்சுக்கங்க.

பாலியேட்டிவ்னா கைவிட்டவங்களுக்குன்னு ஒரு நினைப்பு எல்லார்கிட்டயும் இருக்கு. 2010ல அமெரிக்காவுல பாஸ்டன்ல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு, நுரையீரல் கேன்சர் பரவின 151 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியத்தோட ஆரம்பத்துலயே பாலியேட்டிவ் கவனிப்பும் சேத்து குடுத்தாங்க. அவங்களுக்கு மனச்சோர்வு கம்மியா இருந்துச்சு, சராசரியா 11.6 மாசம் இருந்தாங்க, மத்தவங்க 8.9 மாசம். நான் இத எங்க டாக்டரம்மா சொல்லித்தான் கேட்டேன், கேட்ட அன்னைக்குத்தான் அந்த ரூம் வாசப்படிய தைரியமா மிதிச்சேன்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன்.

எனக்கு ரெண்டாவது தடவை வந்துடுச்சுன்னு ஊருக்கு தெரிஞ்சதும் எல்லாரும் நல்ல மனசோடதான் வந்தாங்க. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவிஞ்சது. நாத்தனார் வந்து பாத்திரத்த புடுங்கி தேச்சாங்க, மகன் பெங்களூர்ல இருந்து தினமும் ரெண்டு வேளை போன் பண்ணான், தண்ணி எடுக்கப் போனா எதுத்த வீட்டு பொண்ணு ஓடிவந்து குடத்த வாங்கிக்கும் (எலும்புல இருக்கறவங்க குடம் தூக்கக்கூடாதுங்க, அது நிஜம்). எங்க மகளிர் குழுவுல ஆரம்பத்துல இருந்து கணக்கு எழுதறது நான்தான், சேமிப்பு பதிவேடு, கடன் பதிவேடு, தீர்மான நோட்டு எல்லாம் எங்க வீட்டு தகரப்பெட்டியிலதான் இருக்கும். ஒரு நாள் பிரதிநிதி ரெண்டு பேரும் வந்து, "நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா, காலேஜ் முடிச்ச பிள்ள ஒண்ணு இருக்கு, அது எழுதும்"னு சொல்லி நோட்ட எல்லாம் பையில போட்டு எடுத்துக்கிட்டு போயிட்டாங்க. அன்பாத்தான் செஞ்சாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்கு வந்த அழுகை பெட் ஸ்கேன் ரிசல்ட் வந்த அன்னைக்குக்கூட வரல.

வீடு நிறைய ஆளு இருந்தும் அப்பதான் நான் தனியாளா ஆனேன். எல்லாரும் எனக்கு குடுக்கத்தான் வந்தாங்க, யாரும் என்கிட்ட ஒண்ணும் கேட்டு வரல. இன்னைக்கு உங்க அக்கா "இருந்து என்ன ஆகப்போகுது"ன்னு கேக்கறாங்களே, அதுக்கு என் அனுபவத்துல நான் கண்ட அர்த்தம் இதுதான், யாருக்கும் அவங்க வேண்டியிருக்கல, எல்லா வேலையும் அவங்க கையில இருந்து பாசத்தோட பிடுங்கப்பட்டாச்சு.

எங்க வீட்ல இத முதல்ல புரிஞ்சுக்கிட்டது என் அத்தை. மாமியார்தான், வயசு எண்பதுக்கு மேல, பள்ளிக்கூடம் போகாதவங்க. சொந்தக்காரங்க கூட்டம் குறைஞ்ச ஒரு மத்தியானம் முருங்கைக்கீரைய ஒரு முறம் நிறைய கொண்டுவந்து என் கட்டில்லயே வச்சு, "இந்தா, கண்ணு தெரிய மாட்டேங்குது, பழுத்த இலை இல்லாம உருவிக் குடு"ன்னாங்க. மனசே இல்லாமத்தான் ஆரம்பிச்சேன். கொத்த பிடிச்சு ஒரு இழுப்பு, பழுப்ப ஒதுக்கறது, காம்ப கிள்றது, அத்தை பக்கத்துல உக்காந்து அவங்க சின்ன வயசுல பஞ்சத்துல கீரைய வச்சே வீட்டை ஓட்டினத சொல்லிக்கிட்டே இருந்தாங்க. வியாதியப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. சாயங்காலம் பொரியல சாப்பிட்டுட்டு "நல்லா ஆய்ஞ்சிருக்க"ன்னாங்க. அதுல இருந்து தினமும் ஏதாவது ஒண்ணு குடுப்பாங்க, பூண்டு உரிக்க, உளுந்துல கல்லு பாக்க, அவங்க மாத்திரைய காலை ராத்திரின்னு பிரிச்சு வைக்க. அவங்க பி.பி. மாத்திரைக்கு நான் பொறுப்பு, என் பசிக்கு அவங்க பொறுப்பு, இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் ஓடுது. துணைன்னா எனக்கு முதல்ல அவங்கதான்.

அப்புறம் நானே போய் கணக்கு நோட்ட திருப்பி கேட்டேன். குழு கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னேன், என்னால குனிய முடியாது, வெயிட்டு தூக்க முடியாது, பேங்குக்கு அலைய முடியாது, ஆனா கூட்டல் கழித்தல் முடியும், உக்காந்து எழுத முடியும், ஊசி போட்ட வாரம் மட்டும் அந்த பிள்ள எழுதட்டும்னு. கொஞ்ச நேரம் யாரும் பேசல, அப்புறம் குடுத்துட்டாங்க. இப்ப சாயங்காலம் ஆனா பாஸ்புக்க எடுத்துக்கிட்டு ஒருத்தர் ரெண்டு பேரு திண்ணைக்கு வந்துடுவாங்க. தவணை எவ்ளோ பாக்கி, வட்டி எவ்ளோன்னு கேக்க வருவாங்க, கேட்டு முடிச்சுட்டு போக மாட்டாங்க, மாமியார் சண்டை, புள்ள படிப்பு, புருஷன் குடின்னு எல்லாம் அங்கதான் கொட்டுவாங்க. அப்படி ஒரு நாள் ஒரு பொண்ணு எல்லாரும் போகட்டும்னு காத்திருந்து, மாருல ஒரு கட்டி தட்டுப்படுதுக்கான்னு மெதுவா சொல்லுச்சு. வலியே இல்ல, அதான் யார்கிட்டயும் சொல்லலைன்னுச்சு. வலி இல்லாத கட்டியத்தான் கட்டாயம் காட்டணும்னு சொல்லி மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே கூட போனேன், அங்க இருந்து பெரியாஸ்பத்திரி, ஊசி வச்சு எடுத்து பாத்ததுல சாதாரண கட்டின்னு வந்துச்சு. அந்த பொண்ணு என் கைய பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. 30 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலயே மார்பகமும் கர்ப்பப்பை வாயும் சோதிச்சு பாப்பாங்க, காசு இல்ல, இத இப்ப ஒவ்வொரு கூட்டத்துலயும் தீர்மான நோட்ட மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லிடறேன். எனக்கு இது போதும்ங்க, பெருசா எதையும் சாதிக்கணும்னு இல்ல.

இன்னொரு துணை ஆஸ்பத்திரியில கிடைச்சது. எலும்புக்கு ஊசி ஏத்தற டே கேர் வார்டுல பக்கத்து பக்கத்து நாற்காலி, பழனி பக்கத்து அக்கா ஒருத்தங்க, தேனி பக்கம் ஒரு டீச்சர், நாங்க மூணு பேரும் ஒரே தேதி வர்ற மாதிரி நர்ஸ்கிட்ட கேட்டு வாங்கிக்கிட்டோம். வெளியாள்கிட்ட சொல்ல முடியாதத அங்கதான் பேசுவோம். ஸ்கேனுக்கு முன்னாடி நாள் தூக்கம் வராது, அந்த ராத்திரி யாராவது ஒருத்தர் போன்ல இருக்கணும்ங்கறது எங்களுக்குள்ள ஒரு பேச்சு. வீட்ல இருக்கறவங்க "ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு"ம்பாங்க, அவங்களுக்கு அத விட்டா சொல்ல வேற இல்ல, ஆனா அந்த டீச்சர் "எனக்கும் பயமாத்தான் இருக்கு"ன்னு சொன்னப்ப கிடைச்ச ஆறுதல் வேற மாதிரி. இப்படி நோயாளிங்க கூடிப் பேசறதால ஆயுசு கூடும்னு 1989ல ஒரு ஆய்வு சொல்லுச்சு, 2001ல கனடாவுல பரவின மார்பக கேன்சர் உள்ள 235 பேர வச்சு பாத்தப்ப ஆயுசு கூடல, ஆனா மனக்கஷ்டமும் வலியும் குறைஞ்சது தெரிஞ்சது. ஆயுசு கூடலைன்னா என்ன, இருக்கற நாள்ல வலி குறையிறது சின்ன விஷயமா.

போன வருஷம் பழனி அக்கா போயிட்டாங்க. கல்லீரலுக்கு பரவி ரொம்ப வேகமா போயிடுச்சு. கேதம் கேக்க போகாதன்னு எங்க வீட்ல தடுத்தாங்க, உனக்கு மனசு உடைஞ்சிடும்னாங்க, நானும் டீச்சரும் போனோம். அவங்க மருமக எங்கள பாத்ததும் "உங்கள பத்தித்தான் பேசிக்கிட்டே இருந்தாங்க"ன்னு அழுதுச்சு. இந்த மாதிரி கூட்டத்துல சேந்தா சாவ பாக்க வேண்டி வரும், அத மறைக்க நான் விரும்பல. அதுக்காக சேராம இருக்காதீங்கன்னுதான் சொல்லுவேன், அந்த அக்கா கூட பேசின மணி நேரம் எதுவும் வீணா போகல.

வீட்டுக்காரரப் பத்தியும் சொல்லணும். நூல் மில்லுல வேலை, அதிகம் பேசாதவரு, வியாதி வந்தப்புறம் சுத்தமா வாய அடைச்சுக்கிட்டாரு. கோவம் வந்துச்சு எனக்கு. மதுரை போற பஸ்லதான் அது உடைஞ்சது, திண்டுக்கல் தாண்டினதும் சன்னல பாத்துக்கிட்டே "நீ இல்லாம வீட்டுக்குள்ள எப்படி நுழையறதுன்னு தெரியல"ன்னாரு. அதுக்கப்புறம் பஸ்ல போறப்பதான் எல்லாம் பேசுவோம், மகன் கல்யாணம், சேமிப்பு, நாமினி, எனக்கு முடியாம போனா வெண்டிலேட்டர்ல வைக்க வேணாங்கறது வரைக்கும். மூஞ்சி பாத்து பேச முடியாத ஆம்பளைங்க பக்கத்து சீட்டுல உக்காந்தா பேசுவாங்க போல. உங்க மாமாவும் அப்படி இருந்தா இத முயற்சி பண்ணி பாருங்க.

நடைமுறைக்கு உதவற சிலத வேகமா சொல்லிடறேன். 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல நடமாட முடியாதவங்களுக்கு வீட்டுக்கே வந்து பாலியேட்டிவ் கவனிப்பும் பிசியோதெரபியும் குடுக்கறாங்க, உங்க ஏரியா சுகாதார நிலையத்துல பேர பதிஞ்சு வைங்க. மார்பக கேன்சர அடக்கி வைக்கக் குடுக்கற பால்போசிக்லிப் மாத்திரை எழுதியிருந்தா, 2023ல பேட்டன்ட் முடிஞ்சு நம்ம நாட்டு கம்பெனிங்க செய்யிறதால விலை நல்லா இறங்கியிருக்கு, ஜெனரிக் கேளுங்க. அந்த மாத்திரையில வெள்ளை அணு குறையும், காய்ச்சல் வந்தா அன்னைக்கே டாக்டருக்கு சொல்லணும். கால் திடீர்னு மரத்துப்போனாலோ, நடை தடுமாறினாலோ, ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போனாலோ விடியட்டும்னு இருக்கவே கூடாது, தண்டுவடம் நசுங்குதுன்னு அர்த்தமா இருக்கலாம், ராத்திரியோட ராத்திரியா கூட்டிட்டு போங்க. மனசு ரொம்ப இருட்டாயிட்டா அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணி தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. இலை தழைய அரைச்சு குடி, மாத்திரைய நிறுத்துன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

கேரளாவுல மலப்புரம், கோழிக்கோடு பக்கம் அக்கம்பக்கத்து சனங்களே பயிற்சி எடுத்துக்கிட்டு முறை வச்சு நோயாளி வீட்டுக்கு போய் பாத்துட்டு வர்றாங்க, ஆட்டோ ஓட்டறவரு, ஸ்கூல் பசங்கன்னு. எங்க குழுவுலயும் இத பேசிக்கிட்டு இருக்கோம், அடுத்த கூட்டத்துல தீர்மானமா எழுதலாம்னு இருக்கேன்.

உங்க அக்கா முன்னாடி என்ன வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்க, தையலா, டீச்சரா, கடையா, காட்டு வேலையா? கை எவ்ளோ தூக்க முடியுது, எவ்ளோ நேரம் உக்கார முடியுது? இத கமெண்ட்ல எழுதுங்க. அவங்ககிட்ட என்ன கேட்டு வாங்கலாம்னு சேந்து யோசிப்போம், அவங்களுக்கு சம்மதம்னா நானே போன்ல பேசறேன். திங்கட்கிழமை ஊசிக்கு மதுரை போகணும், அன்னைக்கு மட்டும் பதில் வர லேட்டாகும்.