எங்கள் பகுதியில் இதுவரை பதிவாகாத செடியையோ பூச்சியையோ பார்த்தால், அது 'முதல் பதிவு' என்று எப்படி உறுதி செய்வது?

கேட்டவர் பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் உள்ள வாளையாறு பக்கம் முன்பு பார்த்திராத ஓர் உயிரைப் பார்த்திருக்கிறார். அது கேரளத்துக்கே புதிதா, யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், தாவரவியல் படித்தவன். இதே கேள்வியோடு பல வருடங்களாக இந்த வேலியோரங்களில் அலைகிறேன்.

முதலில் நம் ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பாலக்காட்டின் கிழக்கு ஓரம் கேரளத்தில் இருந்தாலும், மண்ணும் மழையும் கோயம்புத்தூர்ச் சீமையைச் சேர்ந்தவை. கரிசல், பனை, கடலைக்காடு, வேலியில் கள்ளி. மறையூரைத் தாண்டினால் சின்னாரும் இப்படித்தான், மழைமறைவு முட்காடு. உடுமலையில் ஆட்டுக்காரர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பூண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் முளைத்தால் 'கேரளத்துக்குப் புதிது' ஆகிவிடும். இதெல்லாம் வெறும் காகிதக் கோடு என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உயிரினப் பட்டியல்கள் மாநில வாரியாகத்தான் இருக்கின்றன. கல்குவாரிக்கு அனுமதி கொடுக்கும்போது பட்டியலில் இல்லாத செடிக்காக யாரும் பேசமாட்டார்கள். பசுமைக் காட்டையே கேரளம் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு நம் வறண்ட நிலம் தரிசாகத்தான் தெரியும். அது தரிசு இல்லை என்று காட்ட நம்மிடம் இருப்பது இந்தப் பதிவுகள் மட்டுமே.

'இதற்கு முன் யாரும் சொல்லவில்லை' என்பதை நிறுவுவதுதான் கடினமான பகுதி. இணையத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்பது போதாது. செடிகளுக்கு இன்றும் நாம் முதலில் திறக்கும் நூல், காம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல். 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. அதில் பல செடிகளுக்கு இடம் மாவட்டப் பெயராகவோ மலைப் பெயராகவோதான் இருக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம், சித்தூர் கொச்சி சமஸ்தானம், மறையூர் திருவிதாங்கூர். இன்றைய மாநில எல்லை 1956 நவம்பர் 1இல்தான் வந்தது. ஆகவே உலர்த்தி ஒட்டிவைத்த பழைய செடியின் சீட்டில் 'ஆனைமலை' என்று மட்டும் இருந்தால், அந்தச் செடியைப் பறித்த இடம் இன்று தமிழ்நாட்டின் டாப்சிலிப் பக்கமா கேரளத்தின் பரம்பிக்குளம் பக்கமா என்று பார்க்க வேண்டும். பறித்தவர் யார், எந்த மாதம், எந்த வழியாகப் போனார் என்பதெல்லாம் அப்போது உதவும். பழைய உலர்தாவரத் தாள்களைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னை ஹெர்பேரியம் என்ற பெயரோடு அந்தத் தொகுப்பு கோயம்புத்தூரில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கிறது. கேரளப் பக்கம் பீச்சி வன ஆராய்ச்சி நிலையத்திலும் பாலோடு தாவரவியல் பூங்காவிலும் தொகுப்புகள் உண்டு.

அடுத்தது சான்று. நீங்கள் பார்த்தீர்கள் என்பதை நான் நம்புவேன், அறிவியல் நம்பாது. முப்பது வருடம் கழித்து வேறொருவர் எடுத்துப் பார்த்து 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லக்கூடிய பொருள் வேண்டும். செடியென்றால் பூவை மட்டும் படம் எடுத்து நிறுத்தாதீர்கள். முழுச்செடி, இலையின் அடிப்புறம், தண்டில் இலை அமர்ந்த விதம், பூவின் பக்கவாட்டு, புல்லிவட்டம், காய், அருகில் ஓர் அளவுகோல். தும்பியென்றால் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும், ஆணின் வால்நுனிக் கொடுக்குகள் தெளிவாகத் தெரியும்படி. பறவைக்குக் குரல்பதிவு படத்தைவிட வலுவாக இருப்பதும் உண்டு. நாள், இடம், மண், சுற்றி நின்ற செடிகள், யாராவது நட்டதா தானாக வந்ததா என்பதையெல்லாம் அங்கேயே எழுதுங்கள். லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையோரத்தில் முளைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். வந்தேறியாக இருக்கலாம்.

ஊர்க்காரரிடம் கேட்டதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். கடலைக்காட்டு ஓரம் பெயர் பிடிபடாத ஒரு பூண்டின் முன் நான் உட்கார்ந்திருந்தபோது, ஆடு ஓட்டிவந்த ஆத்தா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இது ஐப்பசி மழைக்குத்தான் வரும் கண்ணு, ஆடு வாய் வெக்காது" என்றார். பூக்கும் காலமும், ஆடு தொடாததால் பால் உள்ள குடும்பமா என்று பார்க்க வேண்டும் என்ற துப்பும் ஒரே வாக்கியத்தில் கிடைத்தன. அவருடைய சம்மதத்தோடு அவர் பெயரையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன், கட்டுரை வரும்போது நன்றியில் வரும்.

சேர்த்துவைத்த சான்று எவ்வளவு காலம் கழித்தும் பேசும். பாதாளத் தவளை என்று மலையாளத்தில் சொல்லும் ஊதாத் தவளையின் தலைப்பிரட்டையை 1918இலேயே ஆனந்தேல் என்ற விலங்கியலாளர் விவரித்துவிட்டார். அது எந்தத் தவளையின் குஞ்சு என்று அப்போது தெரியாது. வளர்ந்த தவளைக்கு இடுக்கியிலிருந்து எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசுயிட்டும் பெயர் வைத்தது 2003இல். திருவில்லிபுத்தூர் அருகே மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் கிடைத்த அதன் உறவு, 2017இல் தனி இனமாக விவரிக்கப்பட்டு, மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரைப் பெற்றது.

எல்லா முதல் பதிவும் கொண்டாட அல்ல. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கவனிக்கப்பட்டது 2008இல், கோயம்புத்தூரில். பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு எல்லாம் வெள்ளையாய்ப் பூத்துக் கருகின. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, மாவுப்பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் திருச்சூரில் முதலில் பதிவானது, அங்கிருந்து சேலம், நாமக்கல் கிழங்குக் காடுகளுக்கும் வந்தது. அதற்கான குளவி ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வர வேண்டியிருந்தது. எது வந்திருக்கிறது என்று சரியான பெயர் தெரிந்தால்தான் எந்தக் குளவியைத் தேடுவது என்று தெரியும். அதனால் உங்கள் தோட்டத்தில் பழக்கமில்லாத பூச்சியைக் கண்டால் கட்டுரை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கிருஷிபவனிலோ (கேரள வேளாண் அலுவலகம்) வேளாண் பல்கலைக்கழகத்திலோ காட்டுங்கள்.

மற்றவற்றுக்கு, படங்களை ஐநேச்சுரலிஸ்ட் அல்லது இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலில் போடுங்கள், பறவையென்றால் இ-பேர்ட். ஆர்வலர்கள் சேர்ந்தே 2015 முதல் 2020 வரை மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் நடந்து கேரளம் முழுமைக்கும் பறவை வரைபடத் தொகுப்பை முடித்தார்கள், அதனால் பொதுமக்கள் பதிவு தரம் குறைந்தது என்ற பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் ஏற்றச் சொல்லுங்கள். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி அதைத் தயாரிப்பது ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் கடமை. மாதிரி எடுக்க வேண்டுமானால் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்காதீர்கள். சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கைக் காட்டுக்கு வெளியிலும் பிடிக்கக் கூடாது.

நீங்கள் பார்த்தது செடியா பூச்சியா என்று எழுதவில்லை. செடியென்றால் காய் பிடிக்கும்வரை விட்டுவைத்து மீண்டும் போய்ப் படம் எடுங்கள். காய் இல்லாமல் பல குடும்பங்களில் இனத்தைப் பிரிக்க முடியாது. படங்களைக் கருத்தில் இடுங்கள், பார்க்கிறேன். துல்லியமான இடத்தை மட்டும் பொதுவில் போட வேண்டாம். நட்சத்திர ஆமையும் மலை ஆர்க்கிடும் திருடுபவர்களும் இதே பக்கங்களைப் படிக்கிறார்கள். 'சித்தூர் வட்டம்' என்று எழுதினால் போதும்.