வந்த இடத்தில் வாய் திறக்கலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. சொந்த ஊர் திருச்சி. வேலைக்காகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டு அனெக்ஸில் தனியாகத் தங்கியிருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் நள்ளிரவில் யாரோ என் கதவுக் கைப்பிடியைத் திருப்பினார்கள். பிறகு ஒரு ஆண் குரல் என் பெயரைச் சொல்லிக் கதவைத் திறக்கச் சொன்னது. வெகு நேரம் அங்கேயே நின்றான். நான் குளியலறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தக்கூட வாய் வரவில்லை. காலையில் வீட்டுக்கார ஆன்ட்டியிடம் சொன்னால், "யாராவது குடிகாரனாக இருக்கும், போலீஸுக்குப் போனால் உனக்குத்தான் கரைச்சல்" என்கிறார். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. அம்மாவிடம் சொன்னால் உடனே கிளம்பி வா என்பார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாமா?
- பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கச்சி, நீங்கள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. குடித்துவிட்டு வீடு மாறி வந்தவனுக்கு உங்கள் பெயர் எப்படித் தெரியும்? உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்த வரிதான். பெயர் தெரிந்தவனுக்கு நீங்கள் தனியாக இருப்பதும் தெரியும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துத் தலையை உடைக்காதீர்கள். கண்டுபிடிப்பது பொலிஸின் வேலை.

கத்த முடியவில்லை என்பதைத் தவறு செய்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். பெரிய ஆபத்து எதிரில் வரும்போது சிலருக்கு உடம்பு ஓடும், சிலருக்கு எதிர்க்கும், பலருக்கு அப்படியே உறைந்துபோகும். யோசித்து முடிவெடுக்க முன்பே மூளை அதைச் செய்துவிடுகிறது. குரல் அடைப்பதும் கைகால் அசையாமல் போவதும் அதில் சேர்ந்தவை. தைரியசாலிகளுக்கும் நடக்கும். அந்த நிலையிலும் நீங்கள் உங்களுக்கும் அவனுக்கும் நடுவே இன்னொரு கதவைப் பூட்டியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அதைவிட நல்லதாக எதைச் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்ரி சொன்னதைப் பற்றி. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பொலிஸ் என்றால் வயிறு கலங்குவதற்குக் காரணம் இருக்கிறது. யுத்த காலத்தில் யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும், நள்ளிரவில் வந்து கதவைத் தட்டிச் சோதனை போடுவார்கள். 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பினார்கள். நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அதையெல்லாம் பார்த்த தலைமுறை, "பேசாமல் இரு" என்று சொல்லிப் பழகிவிட்டது. எனக்கு அந்தப் பயம் விளங்குகிறது. ஆனால் அதற்காக நீங்கள் பேசாமல் இருந்தால், அந்த ஆள் இன்னொரு இரவு வருவதற்குத்தான் வசதி.

ஆகவே முறைப்பாடு செய்யுங்கள். மூன்று வாரம் ஆனாலும் பரவாயில்லை. ஒருவரின் வளவுக்குள் அத்துமீறி நுழைந்து பயமுறுத்துவது இந்த நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். வேறு நாட்டவர் என்பதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லாமல் போகாது, விசா முறையாக இருந்தால் முறைப்பாடு செய்ததற்காக அதற்கு ஒன்றும் ஆகாது. வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், சிறுவர் மகளிர் பிரிவில் பேச வேண்டும் என்று கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நடைமுறையில் பல இடங்களில் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். அப்படி நடந்தால், கூட வந்தவர் முழுவதையும் வாசித்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போடவே வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போவதற்கு முன்பு அன்றைய இரவு நடந்ததை, நினைவு கலைவதற்குள், நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒழுங்கையில் யார் வீட்டிலாவது கமரா இருந்தால் பழைய பதிவுகள் அழிந்துபோகும், அதையும் உடனே சொல்லுங்கள்.

திரும்பவும் சத்தம் கேட்டால் யோசிக்காமல் 119க்கு எடுங்கள். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. கொள்ளுப்பிட்டியில் காலி வீதியில் இந்திய உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. பொலிஸில் இழுத்தடித்தால் அவர்களிடமும் எழுத்தில் கொடுங்கள்.

தூக்கத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட அனுபவத்துக்குப் பிறகு முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும், சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் பலருக்கும் வரும், பெரும்பாலானவர்களுக்கு மெல்லக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, வேலையே ஓடவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐ அழைத்தும் பேசலாம். அங்கொடை என்ற பெயரைக் கேட்டு ஊரார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அதற்கிடையில் அந்த அனெக்ஸில் தனியாகப் படுத்துப் பழகிவிடலாம் என்று உங்களை நீங்களே வற்புறுத்த வேண்டாம். அவன் யாரென்று தெரியாதவரை உங்கள் பயம் நியாயமானது. அலுவலகத் தோழி வீட்டிலோ பெண்கள் விடுதியிலோ கொஞ்ச நாள் இருங்கள். கம்பனியில் பொறுப்பானவரிடம் சொல்லி வேறு இடம் பார்த்துத் தரக் கேளுங்கள். உங்களை இங்கே அழைத்தவர்களுக்கு அந்தப் பொறுப்பு இருக்கிறது. அங்கேயே இருக்க நேர்ந்தால் பூட்டை மாற்றி, உள்ளே ஒரு தாழ்ப்பாளும் போடச் சொல்லுங்கள். அன்ரி மறுத்தால் அந்த இடம் வேண்டாம்.

வேலையை விடுவதா என்று இப்போது முடிவெடுக்காதீர்கள். நாலைந்து இரவு நிம்மதியாகத் தூங்கிய பிறகு யோசியுங்கள். அப்போதும் போகத் தோன்றினால் போங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும். முறைப்பாடு கொடுத்து, இடம் மாறிய பிறகு சொல்லுங்கள். "இப்படி நடந்தது, இதெல்லாம் செய்துவிட்டேன், இப்போது இன்னாருடன் இருக்கிறேன்" என்று சொன்னால் அவரும் கேட்பார். அழுவார், கிளம்பி வா என்றும் சொல்வார். சொல்லட்டும். கூட இருக்கும் தோழியின் நம்பரை அவருக்குக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாளைக்குத் தினமும் படுக்கப் போகும் முன் ஒரு தடவை பேசுங்கள்.